மேலே வைத்துக் காட்டு

இதுவும் வேண்டாமாம். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட இந்தச் சேலையை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும், இந்த அம்மாவுக்கு அது தாராளமாக இருக்கிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து நான் பிரித்துப் போட்டதெல்லாம் வெள்ளை விரிப்பு தெரியாமல் குவிந்து கிடக்கிறது, அவர் கடை கொடுத்த ரோஸ்மில்க்கை உறிஞ்சிக்கொண்டு "வேற காட்டு பாப்பா" என்கிறார், நான் "காட்டுறேம்மா" என்று திரும்புகிறேன். கல்யாணப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சேலையையும் செல்போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்புகிறாள், மாப்பிள்ளையாகத்தான் இருக்கும், அந்தப் பையன் பாவம் எல்லாவற்றுக்கும் நன்றாயிருக்கிறது என்றுதான் பதில் போடுவான். அவர்கள் கேட்கிற கலர் மேல் தட்டில் இருக்கிறது. கையை உயர்த்தினேன், அடிவயிற்றில் ஒரு இழுப்பு, உயர்த்திய கை பாதியில் நின்றுவிட்டது. பக்கத்துத் தட்டில் இருந்ததை எடுத்துப் போட்டேன். கேட்ட கலர் கடையில் இருக்கும்போது கேட்காததை எடுத்துப் போட்டது எனக்கு இதுதான் முதல் தடவை. அந்தம்மாவுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். உள்ளே இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய், அப்புறம் ஏன் காலையிலிருந்து அசையவே இல்லை?

நேற்றெல்லாம் அசைந்தாய். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, கொதிக்கிற சோற்றில் குமிழ் வந்து உடைகிற மாதிரி உள்ளே ஒரு சின்ன அசைவு. முதல் தடவை வந்தபோது அது நீதான் என்றே தெரியவில்லை, தின்ற இட்லி செய்கிற வேலை என்று நினைத்தேன். மறுபடி வந்தது, அடுத்த நாளும் வந்தது. உன் அப்பாவிடம் சொன்னேன், லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து வயிற்றில் கையை வைத்தார், ஈரக் கை. நீ அவருக்கு அசைந்து காட்டவில்லை. "அப்பன்கிட்டயே வீம்பு புடிக்குது, ஒன்னைய மாதிரி" என்றார். சரி, அவரிடம் வீம்பு பிடித்தாய், இன்றைக்கு யாரிடம் பிடிக்கிறாய்? அஞ்சாம் மாசத்தில் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது, பயப்படக் கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன், அதனாலோ? இல்லை, தூங்குகிறாயோ? நிற்கிறதால் பிள்ளைக்கு ஆகாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை. எங்களுக்கு உட்காரச் சட்டம் இருக்கிறது, தெரியுமா உனக்கு? கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சட்டமே வந்தது, எங்கள் கடையிலும் ஸ்டூல்கள் வந்து இறங்கின, எங்களை வரிசையாக உட்கார வைத்துப் போட்டோகூட எடுத்தார்கள். இப்போது அந்த ஸ்டூல்களில் சேலைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன, சட்டம் அவற்றுக்குத்தான் போல. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்காரலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. சங்கரலிங்கம் சார் வந்து "என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்பார், அவ்வளவுதான். கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் யாரும் உட்காருவதில்லை.

சங்கரலிங்கம் சார் எங்கள் மாடிக்கு மேனேஜர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி, மனசுக்குள் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய அம்மா, ஒரு பெண்ணையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. போன வருஷம் உனக்கு முன்னால் ஒன்று வந்தது. உன் அக்காவோ அண்ணனோ, அது தெரிகிற அளவுக்குக்கூட அது இருக்கவில்லை. மூன்றாம் மாசம் வாந்தி தாங்காமல் நானாகப் போய் சாரிடம் சொன்னேன், அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம். ஆனா கஸ்டமர் முன்னாடி வாந்தி எடுத்தா நல்லாவா இருக்கும்? நீ மேல குடோனுக்குப் போயிரு, அங்க ஒன்னைய யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க." யாரும் தொந்தரவு பண்ணவில்லைதான். தீபாவளி நேரம், பண்டல் பண்டலாக வந்து இறங்கும், பிரித்துக் கலர் பார்த்து அடுக்கிக் கீழே அனுப்ப வேண்டும். தூக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, தூக்காதே என்றும் சொல்லவில்லை, கண் முன்னால் பண்டல் கிடந்தது, தூக்கினேன். ஒரு மத்தியானம் பாவாடை நனைந்தது. பாத்ரூமுக்குப் போக எங்களுக்கு ஒரு அட்டை உண்டு, ஒருத்தி போய் வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம், அன்றைக்கு அட்டை யாரிடமோ இருந்தது. அவள் வரும்வரை படியில் நின்றேன், காலோடு காலை ஒட்டி வைத்துக்கொண்டு, ஒட்டி வைத்தால் நின்றுவிடும் என்று நினைத்த மடச்சி. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவைக் கேட்டேன், தூக்கினதாலா என்று. "எதனால வேணும்னாலும் ஆகலாம்மா" என்றார். எதனால் வேண்டுமானாலும். பஞ்சு மெத்தையில் படுத்திருந்தவளுக்கும் கலைந்திருக்கிறது, செங்கல் சுமந்தவளுக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிறது, எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் எதனால் வேண்டுமானாலும் என்றால் அதற்குள் தூக்கினதும் சேர்த்திதானே, அதை மட்டும் ஏன் ஒருவரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள்? இந்த இடத்தில் வந்து வந்துதான் என் புத்தி முட்டிக்கொண்டு நிற்கிறது. நான் கேட்காமல் இருந்திருக்க வேண்டும், கேட்டுவிட்டேன், அந்தப் பதில் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

"இந்தப் பச்சை என்ன பச்சை பாப்பா?" கிளிப் பச்சைம்மா. "வெளுத்த மாதிரி இருக்கே." லைட்டுல அப்படித் தெரியும்மா, வெளிச்சத்துல பாத்தா நல்லா எடுப்பா இருக்கும், ரெண்டு பக்கமும் கரை, முந்தியில பாருங்க, யானையும் மயிலும் மாத்தி மாத்தி வரும். வாய் பாட்டுக்குப் பேசுகிறது. அன்றைக்கும் இப்படித்தான் பேசினேன். அந்த வாரமே திரும்பி வந்துவிட்டேன், சார் "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்று சொல்லிப் பட்டு கவுண்டரிலேயே மறுபடி நிற்க வைத்தார், நான் யானையும் மயிலும் மாத்தி மாத்தி வரும் என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் அழுதேன். பிள்ளை கலைந்தால்கூட ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு உண்டாம். அது எனக்குத் தெரியாது. கீழே குழந்தைகள் துணிப் பிரிவில் இருக்கிற ஸ்டெல்லா சொல்லித்தான் தெரிந்தது, அவள் சொன்னபோது எல்லாம் ஆறிப் பழசாகியிருந்தது. அந்த ஆறு வாரத்தில் பெரிதாக என்ன செய்திருப்பேன், படுத்து அழுதிருப்பேன். படுத்து அழ எனக்கு லீவு இருந்திருக்கிறது, அது தெரியாமல் நின்றுகொண்டு அழுதிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எரிய வேண்டாம், உனக்குச் சூடு. வேறு எதையாவது நினைக்கிறேன்.

ஸ்டெல்லாவையே நினைக்கிறேன். அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், அவள் அக்காவுக்கு மில்லில் இதே மாதிரி நடந்து, கேஸ் அது இதென்று அலைந்து எல்லாம் அத்துப்படி. உன்னைப் பற்றி உன் அப்பாவுக்கு அடுத்து அவளிடம்தான் சொன்னேன். "ஆறு மாசம் லீவு ஈஸ்வரி, சம்பளத்தோட. புள்ளத்தாச்சின்னு சொல்லி வேலைய விட்டு அனுப்ப முடியாது, அது சட்டம். அதனாலதான் அனுப்ப மாட்டாங்க, நீயாப் போனதா ஆக்கிருவாங்க. அவரு ரெஸ்ட் எடும்மான்னு அன்பாச் சொல்லுவாரு. நீயும் சரிங்க சார்னு கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுப் போயிருவ. ரெஸ்ட்டுன்னா வேல போச்சு, லீவுன்னா வேல இருக்கு. அவரு வாயத் தொறக்கறதுக்கு முந்தி நீ லீவுன்னு சொல்லிரணும்." நாளைக்குப் போய்ச் சொல்வதாக முடிவு, ஸ்டெல்லாவும் கூட வருகிறாள். சார், எனக்கு அஞ்சு மாசம், பிரசவ லீவு வேணும், லீவு முடிஞ்சு இதே கவுண்டருக்கு வருவேன். பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்க்கிறேன், பஸ்ஸில் சொல்லிப் பார்க்கிறேன், எத்தனை தடவை சொன்னாலும் இதே கவுண்டருக்கு என்கிற இடம் வரும்போது குரல் இறங்கிவிடுகிறது. பவுன்தாயி அக்காவைப் பார்த்திருக்கிறேன் இல்லையா. எனக்குப் பட்டு மடிக்கச் சொல்லிக் கொடுத்தவர், தொட்டுப் பார்த்தே எந்த ஊர்த் தறி என்று சொல்வார், ரெஸ்ட்டில் போய்ப் பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தவரைப் புதுசாகச் சேர்ந்தவர் என்று கீழே உள்பாவாடை கவுண்டரில் போட்டார்கள். நாடா வைத்ததா வைக்காததா என்று கேட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தால் சிரிப்பார், அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். நானும் உள்பாவாடையில் ஆரம்பித்து, நைட்டிக்கு ஏறி, காட்டன் சேலைக்கு ஏறி, இந்தப் பட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன், கடைக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. இங்கே நிற்பது எனக்குப் பிடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள், கால் வீங்குகிறது, குதிகால் எரிகிறது, ஆனாலும் ஒரு சேலையை ஒரு உதறில் விரித்து, முந்தி போய் அந்தப் பக்கம் விழும்போது எதிரில் இருக்கிறவள் கண் விரியுமே, அது எனக்கு வேண்டும். உனக்காக அதை விடச் சொன்னால் விட்டுவிடுவேன். அப்படி விடத் தேவையில்லை என்றுதானே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

அதுவரைக்கும் மறைக்க வேண்டும், இன்னும் ஒரு நாள். சேலைக் கடைக்காரிக்குச் சேலையால் மறைக்கத் தெரியாதா? யூனிபாரம் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி, மடிப்பு வைக்காமல் முந்தியை அகலமாக விட்டு இடது பக்கம் ஊக்கு குத்திவிட்டால் முன்னால் ஒரு திரை. ஈஸ்வரி சதை போட்டிருக்காடி என்று பெண்கள் கிண்டல் பண்ணினார்கள், ஆமாடி வீட்டுக்காரர் பரோட்டா வாங்கித் தர்றாரு என்றேன். சார் தூணுக்குப் பக்கத்தில் நின்று எல்லாக் கவுண்டரையும் பார்க்கிறார், இங்கேயும் பார்க்கிறார், ஒரு தலையசைப்பு, நல்லபடியாக முடி என்று அர்த்தம். தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருக்கிறது. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அட்டை கேட்க வேண்டும், இன்றைக்கு ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டேன். குடிக்காவிட்டால் உனக்கு ஆகாதோ? தொடையிடுக்கில் ஈரமாக இருக்கிற மாதிரி இருக்கிறது. வேர்வையாக இருக்கும். வேர்வைதான், ஏசி இருந்தாலும் நின்றுகொண்டே இருந்தால் வேர்க்கும். போன தடவையும் வேர்வை என்றுதான் முதலில் நினைத்தேன். போய்ப் பார்த்துவிடலாம், சேலையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது கஸ்டமரை விட்டுவிட்டுப் போனால் சார் வருவார். பார்க்காமல் இருந்தால் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவை அசையேன். ஒரே ஒரு தடவை, இட்லி மாதிரியாவது அசையேன், உன்னைக் கும்பிடுகிறேன், முன்னால் ஒன்று போனதற்கு இந்தக் கடையில் யாரையும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, உன்னையும் அப்படி விட என்னால் முடியாது.

"அம்மா, இது." கல்யாணப் பெண் வாயைத் திறந்துவிட்டாள். செல்போனைக் கீழே வைத்துவிட்டு, குவியலுக்கு அடியிலிருந்து ஒன்றை இழுக்கிறாள், நான் இரண்டாவதாகக் காட்டிய வெங்காயச் சருகுக் கலர், எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. அந்தம்மா கரையைத் தடவிப் பார்க்கிறார், சரிகையைப் புரட்டிப் பார்க்கிறார், மகளையும் சேலையையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார், அப்புறம் என்னைப் பார்த்துச் சொல்கிறார். "ஒம் மேல வச்சுக் காட்டு பாப்பா, நீ எம் மக நெறந்தான்." இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். பட்டு கவுண்டரில் இது வழக்கம், இடுப்பில் எலாஸ்டிக் பெல்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு, கட்டியிருக்கிற சேலைக்கு மேலேயே கொசுவம் வைத்து அதில் செருகி, முந்தியைத் தோளில் போட்டு நிற்க வேண்டும். ஒரு மாசமாக யார் கேட்டாலும் பக்கத்துக் கவுண்டர்ப் பெண்ணைக் கூப்பிட்டுச் சமாளித்தேன், அவள் இன்றைக்கு லீவு. அவளுக்கு லீவு கிடைக்கிறது, காய்ச்சல் என்றால் தருகிறார்கள். "பொண்ணு மேலயே வச்சுப் பாப்போம்மா, கண்ணாடி இருக்கு" என்கிறேன். "அவ சுடிதார்ல இருக்கா, ஒண்ணும் தெரியாது. நீ வையி." சார் தூணை விட்டு இரண்டடி நகர்ந்திருக்கிறார். பெல்ட்டை எடுக்கிறேன். எவ்வளவு இறக்க முடியுமோ இறக்கி, வயிற்றுக்குக் கீழே மாட்டுகிறேன், அது நழுவி மேலே ஏறி உன் மேலேயே வந்து உட்காருகிறது, மன்னித்துக்கொள், கொஞ்ச நேரம், கொசுவம் வைத்து எடுத்துவிடுகிறேன். விரல்கள் தானாக மடிப்பு எடுக்கின்றன, செருகும்போது மூச்சை உள்ளே இழுக்கிறேன், முந்தியைத் தோளில் போட்டுத் திரும்புகிறேன். விளக்கெல்லாம் சேலையில் விழுகிறது. கல்யாணப் பெண் கண் விரிகிறது.

அப்போது அசைந்தாய். குமிழ் இல்லை, இட்லி இல்லை, பெல்ட்டைத் தள்ளு என்று சொல்கிற மாதிரி உள்ளிருந்து ஒரு இடி, நல்ல இடி, உயிருள்ள இடி. ஐயோ, இருக்கிறாய். இருக்கிறாய், வீம்பு பிடித்த கழுதை, இவ்வளவு நேரம் என்னைச் சாகடித்துவிட்டு இருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கை எப்போது போனது என்று தெரியவில்லை, போய் வயிற்றின் மேல் உட்கார்ந்துவிட்டது. எடுத்துவிட்டேன், உடனே எடுத்துவிட்டேன். அந்தம்மா சேலையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படியே இளகிப்போனது. "எத்தன மாசம் தாயி?" என்றார். பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் தாயி என்கிறார், மெதுவாகவும் சொல்லவில்லை, நல்ல சேதியை யார் மெதுவாகச் சொல்வார்கள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று ஆட்டினேனா ஆமாம் என்று ஆட்டினேனா எனக்கே தெரியவில்லை. "அஞ்சு இருக்குமா? புள்ள உதைக்குதா? அடிப் பாவி மக்கா, சொல்லியிருந்தா ஒன்னைய இம்புட்டு நேரம் எடுத்து எடுத்துப் போட விட்டிருப்பனா? நானும் மூணு பெத்தவதான்." அதற்குள் அவர் எழுந்துவிட்டார், எழுந்து தூண் பக்கம் திரும்பிவிட்டார், வேண்டாம்மா, கூப்பிடாதீங்கம்மா என்று நான் வாயெடுப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார். "தம்பி, இங்கன வாங்க! புள்ளத்தாச்சிப் புள்ளைய இப்படி நாள் பூரா நிக்க வச்சிருக்கீகளே, நல்லாருக்கா ஒங்களுக்கு?" எனக்காகச் சண்டை போடுகிறார். என் அம்மாகூட இப்படி எனக்காக ஒருவரிடம் சண்டை போட்டதில்லை.

சார் வருகிறார், ஓடிவருகிறார் என்றுதான் சொல்ல வேண்டும், கையைக் கூப்பிக்கொண்டு வருகிறார். அவர் கண் என் முகத்துக்கு வந்து, பெல்ட்டுக்குப் போய், மறுபடி முகத்துக்கு வந்து, அந்தம்மாவிடம் போகிறது. "அடடா, எங்ககிட்ட சொல்லவே இல்லையேம்மா. ஏம்மா பாண்டீஸ்வரி, நாங்க என்ன அந்நியமா? இது நம்ம குடும்பம் இல்லையா?" இப்போது சொல்ல வேண்டும், அவர் சொல்வதற்கு முந்தி, நாளைக்கு இல்லை, இப்போது. சார், எனக்கு அஞ்சு மாசம். மனசுக்குள்தான் சொல்கிறேன். "நாளையிலேர்ந்து நீ வீட்ல ரெஸ்ட் எடும்மா, மொதல்ல ஒன் ஒடம்புதான்." சொல்லிவிட்டார். "லீவு சார்" என்கிறேன். கேட்டது, என் காதுக்கு நன்றாகக் கேட்டது. "பிரசவ லீவு சார், எனக்கு லீவுதான் வேணும்." அவர் சிரிக்கிறார், என்னைப் பார்த்து இல்லை, அவர்கள் இருவரையும் பார்த்து, பாருங்கள் இந்தப் பிள்ளையை என்கிற மாதிரி. "லீவெல்லாம் எதுக்கும்மா, நாள் எண்ணிக்கிட்டு? எம்புட்டு நாள் வேணுமோ இரு. புள்ளையப் பெத்து, நல்லா வளத்து, சாவகாசமா வா. ஒன்னைய யாரு வேணாங்கப் போறா?" அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொள்கிறார். "இந்தக் காலத்துல எந்த மொதலாளி தம்பி இப்படிச் சொல்றாக, நல்லாருப்பீக. இந்தச் சேலையே இருக்கட்டும், போடுங்க பில்ல" என்று சாரிடம் சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தடவுகிறார், கையில் ரோஸ்மில்க் வாசனை. "நல்ல எடத்துலதான் இருக்க தாயி, என்ன?"

கஸ்டமர் கேட்டால் என் வாய் என்னைக் கேட்காது. சாயம் போகாதே என்பார்கள், போகாதும்மா என்பேன், நல்ல சரிகைதானே என்பார்கள், நல்ல சரிகைம்மா என்பேன், இது எட்டு வருஷத்துப் பழக்கம். மூவரும் என்னையே பார்க்கிறார்கள், சார் கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை. நீ உள்ளே மறுபடியும் உதைக்கிறாய்.

"ஆமாம்மா" என்கிறேன்.